விமானி அறையில் வழு: மனிதப் பிழையை முன்னறிய முயன்ற வரலாறு



சுங்காயிலிருந்து நெடுஞ்சாலை வழியே தெற்கே சென்றால் இரண்டு மணி நேரத்திற்குள் பூச்சோங்கை அடைந்துவிடலாம். இன்று அடுக்குமாடிகளும் கடைவீதிகளும் நிறைந்திருக்கும் அப்பகுதியின் குன்று ஒன்றில், 1989ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் காலையில், ஒரு சரக்கு விமானம் மோதியது. சிங்கப்பூரிலிருந்து சுபாங் நிலையத்திற்கு வந்துகொண்டிருந்த பிளையிங் டைகர் நிறுவனத்தின் போயிங் 747 அது. உள்ளே இருந்த நால்வரும் மாண்டனர். இயந்திரக் கோளாறு எதுவும் அவ்விமானத்தை வீழ்த்தவில்லை. வீழ்த்திய காரணங்களுள் தலையாயது ஓர் ஆங்கில எண்ணுப்பெயர்.

மொழியியல் மாணவனாகிய நான் விமானி அறையைப் பற்றிப் பேச முற்பட்டதற்கு அந்த எண்ணுப்பெயரே காரணம். மனிதர் எங்கே பிழை செய்வர் என்பதை முன்கூட்டியே அறிய முடியுமா என்னும் வினாவை வானூர்தித் துறை ஏறத்தாழ எண்பது ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது. அவ்வினாவின் வரலாற்றைப் படிக்குந்தோறும் நம் இலக்கண நூலாரின் நினைவு எனக்கு வருகிறது. அந்தத் தொடர்பை உங்கள்முன் வைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

ஒலி ஒன்று, பொருள் இரண்டு

அன்று காலை கட்டுப்பாட்டு அலுவலர் விமானத்தை 2,400 அடிக்கு இறங்கச் சொன்னார். 'டிசெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ' என்பது அவர் வாய்மொழி. ஆங்கிலத்தில் இரண்டு என்னும் எண்ணும், 'கு' உருபின் பொருள் தரும் முன்னிடைச்சொல்லும் ஒரே ஒலியுடையவை. விமானி அத்தொடரை '400க்கு இறங்கு' என்று கொண்டார். 'ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ' என்று மறுமொழியும் தந்தார். அம்மறுமொழியில் இரண்டு என்னும் எண் இல்லை என்பதை அலுவலர் கவனிக்கவில்லை. அவ்விடத்தில் 2,400 அடிக்குக் கீழே இறங்கலாகாது. நிலம் நெருங்குவதை எச்சரிக்கும் கருவியும் ஒலித்தது. அதற்கும் தக்க எதிர்வினை இல்லை. 500 அடிக்கும் குறைந்த உயரத்தில் விமானம் குன்றைத் தொட்டது.

இந்த மயக்கம் நமக்குப் புதிதன்று. எழுத்தால் ஒன்றாகவும் பொருளால் வேறாகவும் நிற்கும் புணர்ச்சிகளைத் தொல்காப்பியர் புணரியலில் அடுத்தடுத்து இரண்டு நூற்பாக்களில் ஆராய்கிறார். உரையாசிரியர்கள் அதற்குக் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று 'செம்பொன்பதின்றொடி'. செம்பு ஒன்பது தொடியா, செம்பொன் பத்துத் தொடியா? தொடி என்பது ஓர் எடையளவு. எழுத்தை மட்டும் பார்த்தால் செம்பும் பொன்னும் மயங்கும். ஒன்பதும் பத்தும் மயங்கும். கடைத்தெருவில் இம்மயக்கம் நேர்ந்தால் ஒருவர் பெருநட்டம் அடைவார்.

இம்மயக்கம் தீர இரண்டு வழிகளைத் தொல்காப்பியர் காட்டுகிறார். ஒன்று இசை, எந்த இடத்தில் நிறுத்தி, எவ்வாறு எடுத்துச் சொல்கிறோம் என்பது. மற்றொன்று முன்னம், சொல்லுவோன் கருத்தைச் சூழலால் உணர்வது. வானொலி அலைவரிசை இவ்விரண்டில் முதலாவதைப் பறித்துவிடுகிறது. இரைச்சலிலும் விரைவிலும் நிறுத்தமும் ஏற்ற இறக்கமும் மழுங்கிப் போகின்றன. எஞ்சுவது முன்னம் ஒன்றே. அம்முன்னமும் களைப்பாலும் அவசரத்தாலும் வேறு எதிர்பார்ப்பாலும் தவறினால் காப்பதற்கு ஒன்றுமில்லை.

இதே எண்ணை நாம் தமிழில் சொன்னால் 'இரண்டாயிரத்து நானூறு' என்போம். ஆயிரமும் நூறும் சொல்லுக்குள்ளேயே அமைந்து, எண்ணின் அளவைக் காட்டிவிடுகின்றன. விமானப் போக்குவரத்தின் செந்தர வழக்கும் உயரத்தைக் கூறும்போது ஆயிரம், நூறு என்னும் சொற்களைச் சேர்த்துச் சொல்லும்படி கூறுகிறது. அன்று அவ்வாறு சொல்லியிருந்தால் 400 என்று கொள்ள இடமே இருந்திராது.

கையின் பிழை

மனிதப் பிழையை முன்னறியும் முயற்சி சொல்லில் தொடங்கவில்லை; கையில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள், தரையிறங்கிய பின்னர் ஓடுபாதையிலேயே சக்கரங்களை மடக்கிக்கொண்டு வயிற்றால் உராய்வது அடிக்கடி நிகழ்ந்தது. விமானிகளின் கவனக்குறைவு என்றே முதலில் கருதினர். 1943இல் அல்போன்ஸ் சாப்பனிஸ் என்னும் உளவியலார் அவ்வறைக்குள் சென்று பார்த்தார். சக்கரத்தை இயக்கும் விசையும் இறக்கை மடலை இயக்கும் விசையும் ஒரே வடிவில் அருகருகே இருந்தன. இறங்கிய களைப்பில் மடலை மடக்க நீட்டிய கை சக்கரத்தை மடக்கியது. சக்கர விசையின் முனையில் சிறு சக்கர வடிவத்தையும், மடல் விசையின் முனையில் ஆப்பு வடிவத்தையும் பொருத்துவதே அவர் கண்ட தீர்வு. பின் கண்ணால் பாராமலே கை வேறுபாட்டை உணர்ந்தது. இன்றைய பயணிகள் விமானங்களிலும் சக்கர நெம்புகோலின் முனை சக்கர வடிவில்தான் இருக்கிறது.

1947இல் பால் ஃபிட்ஸ், ரிச்சர்டு ஜோன்ஸ் ஆகிய இருவரும் இன்னொரு படி முன்னேறினர். கட்டுப்பாட்டு விசைகளைக் கையாள்கையில் நேர்ந்த 460 பிழை அனுபவங்களைத் திரட்டி வகைப்படுத்தினர். அவற்றுள் ஏறத்தாழப் பாதி, ஒரு விசைக்குப் பதிலாக மற்றொன்றைப் பற்றிய பிழை. கருவிகளைப் படிப்பதில் நேர்ந்த 270 பிழைகளையும் அவர்கள் தனியே ஆராய்ந்தனர். பிழை செய்தவர் எவர் என்று அவர்கள் கேட்கவில்லை. எந்த வகைப் பிழை, எந்த அமைப்பின்முன் மீண்டும் மீண்டும் வருகிறது என்று கேட்டனர். மீண்டும் மீண்டும் வருவதை முன்னறியலாம். இந்தத் துறை பிறந்தது அந்தக் கேள்வியிலிருந்துதான்.

ஆயினும் கற்ற பாடம் எளிதில் மறந்துபோகிறது. 1990ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் பெங்களூரில் இந்தியன் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ320 விமானம் ஓடுபாதையை எட்டுமுன்பே விழுந்தது. இருந்த 146 பேரில் 92 பேர் மாண்டனர். இறங்கும் வேகத்தை அமைக்கும் திருகுக்குப் பதிலாக, அருகிலிருந்த உயரத் திருகைத் திருப்பியிருக்கக்கூடும் என்று விசாரணையில் கருதப்பட்டது. 1943இன் பிழை, கணினி யுகத்தில் வேறு உடை உடுத்து வந்தது.

இரண்டாண்டு கழித்து, 1992 ஜனவரி 20 அன்று, பிரான்சின் ஸ்திராஸ்பூர்க் அருகே மற்றோர் ஏ320 மலையில் மோதி 87 பேர் இறந்தனர். அவ்விமானத்தில் ஒரே திருகு இரண்டு பொருளைத் தந்தது. ஒரு முறைமையில் அது இறங்கு கோணத்தைக் குறிக்கும். மறு முறைமையில் நிமிடத்திற்கு எத்தனை அடி என்பதைக் குறிக்கும். 3.3 பாகை என்பது '3.3' என்றும், 3,300 அடி என்பது '33' என்றும் திரையில் தோன்றும். இடையில் இருக்கும் வேறுபாடு ஒரு புள்ளி. விமானிகள் கோணத்தை அமைப்பதாக எண்ணி அடியை அமைத்திருப்பர் என்பதே மிகவும் பொருந்திய விளக்கமாகக் கொள்ளப்பட்டது. பின்னர் அடிக்கணக்கை நான்கு இலக்கங்களில் முழுமையாகக் காட்டும்படி திரை மாற்றப்பட்டது. செம்பு ஒன்பதா, செம்பொன் பத்தா என்னும் பழைய வினாவே அத்திரையில் எண்ணுருவில் நின்றது.

'இதோ வந்துவிட்டேன்'

பெருங்கேடு விளைத்த சொல் ஒன்றை இனிக் காண்போம். 1977 மார்ச் 27 அன்று கேனரித் தீவுகளைச் சேர்ந்த டெனரீஃபில், மூடுபனிக்கு நடுவே, ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதின. 583 பேர் இறந்தனர். டச்சு விமானத்தின் துணை விமானி, 'வீ ஆர் நவ் அட் டேக்காஃப்' என்று அறிவித்தார். மேலெழுவதற்கான இடத்தில் காத்திருக்கிறார்கள் என்று கட்டுப்பாட்டு அலுவலர் கொண்டார். உண்மையில் விமானம் ஓடத் தொடங்கிவிட்டது. அலுவலர் 'ஓகே' என்றார். சற்று நிறுத்திக் காத்திருக்கும்படி சொன்னார். அந்நேரத்தில் மற்றைய விமானமும் பேசியதால் அலைகள் ஒன்றோடொன்று மோதி, காத்திருக்கச் சொன்ன பகுதி தெளிவின்றிப் போயிற்று.

டச்சு மொழியில், நிகழ்ந்துகொண்டிருக்கும் செயலை முன்னிடைச்சொல்லோடு வினைப்பெயரைச் சேர்த்துச் சொல்லும் வழக்குண்டு. தாய்மொழியின் அவ்வழக்கு ஆங்கிலத் தொடருக்குள் புகுந்திருக்கலாம் என்று மொழியியலார் கருதினர். இடத்தைக் குறித்ததா, செயலைக் குறித்ததா என்பதே மயக்கம்.

நம் வீட்டில் இதைவிடப் பெரிய மயக்கத்தோடு நாள்தோறும் வாழ்கிறோம். வாசலில் நின்று அழைப்பவருக்கு, இன்னும் சட்டைகூட மாட்டாதவர் 'இதோ வந்துவிட்டேன்' என்கிறார். இனி நிகழவிருக்கும் செயலுக்கு இறந்தகால வினை! விரைவு, மிகுதி, தெளிவு ஆகிய காரணங்களால் காலம் இவ்வாறு மயங்குவதை இலக்கண நூலார் கால வழுவமைதி என்று ஏற்றுக்கொண்டனர். வழு எனினும் அமைத்துக்கொள்ளத்தக்கது. கேட்பவர் எதிரே இருக்கிறார். தவறாகக் கொண்டாலும் இரண்டு நிமிடம் வீணாகும், அவ்வளவே.

வானில் வழுவமைதிக்கு இடமில்லை. டெனரீஃபுக்குப் பின்னர், மேலெழ அனுமதி தரும்போதும் அவ்வனுமதியை விலக்கும்போதும் மட்டுமே 'டேக்காஃப்' என்னும் சொல்லைப் பயன்படுத்துவது நெறியாயிற்று. மற்ற இடங்களில் 'புறப்பாடு' என்னும் பொருளுடைய வேறு சொல்லையே ஆளவேண்டும். கட்டளையைக் கேட்டவர் வெறும் 'ஓகே' என்று முடித்துவிடாமல், அதன் முதன்மைப் பகுதிகளைத் திருப்பிச் சொல்லவேண்டும். 'ராஜர்' என்றால் கேட்டேன் என்று மட்டுமே பொருள். 'வில்கோ' என்றால் கேட்டேன், செய்வேன் என்று பொருள். நம் 'சரி'யோ இவை அனைத்தையும் ஒரே சொல்லில் அடக்கிக்கொள்கிறது. கேட்டது, புரிந்தது, உடன்பட்டது, செய்யப்போவது, பேச்சை முடிப்பது எல்லாவற்றுக்கும் 'சரி' ஒன்றுதான்.

1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் அருகே கொலம்பிய நாட்டு விமானம் ஒன்று எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 73 பேர் மாண்டனர். விமானிகள் எரிபொருள் குறைவதைச் சொன்னார்கள், முன்னுரிமை கேட்டார்கள். அவசரநிலையை அறிவிக்கும் சொல்லை மட்டும் அவர்கள் சொல்லவேயில்லை. 1996 நவம்பர் 12 அன்று அரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே நடுவானில் சவூதி விமானமும் கசகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தனர். 15,000 அடியில் நிற்கவேண்டிய கசகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கியிருந்தது. அவ்விமானக் குழுவின் ஆங்கிலப் பயிற்சிக் குறைவும் விசாரணையில் சுட்டப்பட்டது.

இவற்றின் விளைவாக, பன்னாட்டுச் சிவில் வானூர்தி அமைப்பு 1998இல் தீர்மானம் நிறைவேற்றி, விமானிகளுக்கும் கட்டுப்பாட்டு அலுவலர்களுக்குமான மொழித்தகுதி விதிகளை 2003இல் ஏற்றது. 2008 மார்ச் 5 முதல் அவை நடைமுறைக்கு உரியவையாயின. ஆறு நிலைகளில் நான்காம் நிலையேனும் எய்தவேண்டும் என்பது விதி. அதற்கும் முன்பே, 1956இல் நடைமுறைக்கு வந்த 'ஆல்ஃபா, பிராவோ, சார்லி' எழுத்துப்பெயர் வரிசையை உருவாக்கும் பணியில் ழான்-பால் வினே என்னும் மொழியியலார் ஈடுபட்டிருந்தார். எவ்வொலி எவ்வொலியோடு மயங்கும் என்று அறிந்து சொற்களைத் தெரிந்தெடுத்ததும் பிழையை முன்னறிந்த செயலே.

மேலோரிடம் பேசுதல்

1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் ஏர் ஃபுளோரிடா விமானம் பனிக்காலத்தில் மேலெழும்போது பாலத்தில் மோதி ஆற்றில் விழுந்தது. 78 பேர் இறந்தனர். கருவி காட்டும் அளவு சரியாகத் தோன்றவில்லை என்று துணை விமானி ஒருமுறைக்கு மேல் சொன்னார். 'நிறுத்துங்கள்' என்று மட்டும் சொல்லவில்லை. ஷார்லட் லிண்ட் என்னும் மொழியியலார் விபத்துகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, கீழ்நிலையில் இருப்போர் மேல்நிலையில் இருப்போரிடம் சொல்லை மென்மையாக்கிப் பேசுவதையும், அவ்வாறு மென்மையாக்கிய கருத்துகள் ஏற்கப்படாமல் போவது மிகுதி என்பதையும் காட்டினார்.

தோட்டத்துப் பிரட்டுக்களத்தை அறிந்த முதியோர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. விடியற்காலை இருளில் வரிசையில் நின்ற தொழிலாளி, கங்காணியிடமும் கிராணியிடமும் துரையிடமும் 'சரிங்க', 'ஆமாங்க' என்றே சொல்லிப் பழகினார். நிரையில் மரம் காய்ந்திருப்பதை அறிந்தவர் அவர்தாம். ஆயினும் அதைச் சொல்ல வாய் வராது. வாய் வந்தாலும் 'பார்த்துக்கிட்டா நல்லதுங்க' என்று சுற்றி வளைத்துத்தான் வரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 1997 ஆகஸ்டு 6 அன்று குவாம் தீவில் கொரிய விமானம் மோதி 228 பேர் இறந்த பின்னர், கொரிய மொழியின் மரியாதை வடிவங்களே விபத்துக்குக் காரணம் என்பதுபோன்ற பேச்சு பரவியது. மொழியியலாளர் அதை எளிதில் ஏற்றல் ஆகாது. வாஷிங்டனில் தயங்கிய துணை விமானி பேசிய ஆங்கிலத்தில் 'நீ', 'நீங்கள்' என்னும் வேறுபாடு இல்லை; ஆயினும் தயக்கம் இருந்தது. பணிவு உருபில் மட்டும் வாழ்வதன்று. அதிகார உறவில் வாழ்வது. அதனால்தான் தீர்வும் இலக்கணத்தைத் திருத்துவதாக அமையாமல் பயிற்சியாக அமைந்தது. 1979இல் நாசா நடத்திய பட்டறையிலிருந்து வளர்ந்த குழுப் பயிற்சி முறை, இளையவர் ஐயத்தைத் தெளிவாகச் சொல்லவும், தலைவர் அதைக் கேட்கவும் பழக்கியது. 'நீங்கள்' என்று சொல்லிக்கொண்டே 'நிறுத்துங்கள்' என்றும் சொல்லலாம். தமிழ் அதற்குத் தடையன்று.

பன்னிரண்டு வினாக்கள்

இவ்வளவும் விபத்துக்குப் பின் கற்றவை. விபத்துக்கு முன் கற்பதற்கும் வழி தேடினர். 2006இல் நெவில் ஸ்டான்டனும் உடன் ஆய்வாளர்களும் விமானி அறைக்கென ஒரு பிழைப் படிவத்தை வெளியிட்டனர். தரையிறங்குதல் போன்ற ஒரு பணியை அதன் மிகச் சிறு செயல்களாகப் பிரிக்கவேண்டும். ஒவ்வொரு செயலின் முன்னும் பன்னிரண்டு வகைப் பிழைகளை வைத்துக் கேட்கவேண்டும்: செய்யாமல் விடக்கூடுமா? அரைகுறையாகச் செய்யக்கூடுமா? எதிர்த்திசையில் செய்யக்கூடுமா? தவறான வேலையைச் செய்யக்கூடுமா? செய்ததையே மீண்டும் செய்யக்கூடுமா? தவறான விசையில் செய்யக்கூடுமா? முந்தியோ பிந்தியோ, மிகுத்தோ குறைத்தோ செய்யக்கூடுமா? தவறாகப் படிக்கக்கூடுமா? பன்னிரண்டாவது, வேறேதும் உண்டா என்பது. நேரும் வாய்ப்பும் விளையும் கேடும் இரண்டுமே மிகுதி என்று முடிவானால், அந்த அமைப்பு தேர்ச்சி பெறவில்லை என்று கொள்ளப்படும்.

இப்பட்டியலை முதன்முதல் படித்தபோது நன்னூல் என் கையில் இருப்பதுபோல் உணர்ந்தேன். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை வகுத்தார். குறைத்துச் செய்வது அவர் கூறும் குன்றக்கூறல். மிகுத்துச் செய்வது மிகைபடக்கூறல். மீண்டும் செய்வது கூறியது கூறல். தவறாகப் படிக்க இடந்தருவது மயங்கவைத்தல். இரண்டு பட்டியலுக்கும் தொடர்பு உண்டென்று நான் சொல்லவில்லை. எழுதப்போகிறவன் எங்கே தவறுவான் என்பதை எழுதுமுன்னரே வகைப்படுத்திக் காட்டலாம் என்னும் நம்பிக்கை இரண்டிற்கும் பொது.

ஆனால் இம்முறைக்கு எல்லையும் உண்டு. எங்கே பிழை நேரும் என்பதை அது சொல்லும். எவருக்கு, எந்நாளில் நேரும் என்பதைச் சொல்லாது. விசையையும் திரையையும் நன்கு சோதிக்கும். இருவர் பேச்சினிடையே பிறக்கும் மயக்கத்தை அத்துணை நன்றாகச் சோதிக்காது. பூச்சோங் குன்றில் நேர்ந்ததை முன்னறிய, திருகுகளை எண்ணுவோருடன் சொற்களை எண்ணுவோரும் அமர்ந்திருக்கவேண்டும்.

வகுப்பறைக்கு

மொழியியலிலும் இத்தகைய திருப்பம் நிகழ்ந்தது. 1967இல் பிட் கார்டர், கற்போரின் பிழைகள் கற்றல் எவ்வழியில் செல்கிறது என்பதைக் காட்டும் சான்றுகள் என்று எழுதினார். சிவப்பு மையால் அடித்துவிட்டு மறந்துபோவதற்கு உரியவை அல்ல அவை. ஆசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஒரு பருவத்தில் உங்கள் மாணவர் செய்யும் பிழைகளில் நூற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். லகர, ளகர, ழகர மயக்கம், ஒற்று மிகுதல், வாக்கிய இயைபு என்று வகைப்படுத்துங்கள். அடுத்த ஆண்டு வரும் மாணவர் எங்கே தவறுவர் என்பது பெரும்பாலும் அக்குறிப்பேட்டில் இருக்கும். இரண்டாவது, பாடம் முடிந்து 'புரிந்ததா' என்று கேட்டு 'சரி ஐயா' என்னும் விடையைப் பெற்று அமைதியுறாதீர்கள். புரிந்ததைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒன்று உண்டு. ஆசிரியர் கரும்பலகையில் தவறாக எழுதினால் பணிவோடு, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள். உங்களுள் ஒருவர் நாளை விமானி ஆகலாம். மருத்துவமனையில் மருந்தளவைத் தொலைபேசியில் கேட்டு எழுதும் தாதியாகலாம். அன்று காதில் விழுந்த எண்ணைத் திருப்பிச் சொல்லும் பழக்கம் இருந்தால், எதிர்முனையில் இருப்பவர் 'இல்லை, இரண்டாயிரத்து நானூறு' என்று திருத்துவதற்கு ஒரு வாய்ப்பு இருக்கும். 1989இல் அந்த நால்வருக்கும் அத்தகைய வாய்ப்பு ஒன்று இருந்தது. திருப்பிச் சொன்னதை எவரும் செவிகொடுத்துக் கேட்கவில்லை.